மாற்றுத் தேடுபொறியுடன் மூன்று ஆண்டுகள்

2023 தொடக்கத்தில் வாங்கிய கைப்பேசியின் முகப்புத் திரையில், பெட்டியைப் பிரித்தபோதே ஒரு தேடல் பட்டை தயாராக இருந்தது. சில மாதங்களுக்கு முன்புதான், ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் தன் சேவைகளுக்கு முதலிடம் கிடைக்கும்படி கூகுள் செய்துகொண்ட ஏற்பாடுகளுக்காக, இந்தியப் போட்டி ஆணையம் அந்நிறுவனத்துக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்திருந்தது. அந்தச் செய்தி கிளப்பிய ஆர்வத்தில் வேறொரு தேடுபொறிக்கு மாறினேன்.

உலாவியின் அமைப்புகளில் மாற்றுவதற்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. முகப்புப் பட்டையோ மாறவில்லை. அதில் தட்டச்சு செய்ததெல்லாம் பழைய இடத்துக்கே போனது. அதை அகற்றிய பிறகும் ஒரு மாதம்வரை விரல் அங்கேயே போய் நின்றது.

ஆங்கிலத் தேடலில் பெரிய குறை தெரியவில்லை. தமிழில்தான் சிக்கல். "பட்டா மாறுதல்" என்று தேடினால் அரசுத் தளத்துக்கு முன்னால் பழைய செய்தித் துணுக்குகள் வந்து நிற்கும். ஊர்ப்பெயரில் ஓர் எழுத்து பிசகினால் எதுவும் கிடைக்காது. வாரத்தில் இரண்டு மூன்று முறை பழைய தேடுபொறிக்கே போய்வந்தேன் என்பதை மறைப்பதற்கில்லை.

இதை அந்தத் தேடுபொறியின் திறமைக் குறைவு என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். கூகுளின் தேடல் ஏகபோகம் பற்றிய வழக்கில் அமெரிக்க நீதிபதி அமித் மேத்தா 2024 ஆகஸ்ட் 5 அன்று அளித்த தீர்ப்பைப் பற்றிப் படித்தபோது வேறொரு காரணம் புலப்பட்டது. முன்னிருப்புத் தேடுபொறியாக, அதாவது கைப்பேசியிலும் உலாவியிலும் முன்கூட்டியே அமைக்கப்பட்ட தேடுபொறியாக, இருப்பதற்காக 2021இல் கூகுள் கொடுத்த தொகை 2,630 கோடி டாலர். 2022இல் ஆப்பிளுக்கு மட்டும் 2,000 கோடி. மக்கள் எதைத் தேடுகிறார்கள், வந்த முடிவுகளில் எதைத் தட்டுகிறார்கள் என்பதிலிருந்தே தேடுபொறி கற்றுக்கொள்கிறது என்பதால், வாசலை விலைக்கு வாங்கியவருக்கு அந்தப் பாடமும் சேர்ந்து கிடைக்க, மற்றவர்களுக்கு அது எட்டாமலே போகிறது.

தரத்தால்தான் மக்கள் வருகிறார்கள் என்ற கூகுளின் வாதம் பொய்யல்ல. 2014இல் ஃபயர்ஃபாக்ஸ் உலாவி அமெரிக்காவில் யாஹூவை முன்னிருப்பாக்கியபோது பலர் தாமாகவே கூகுளுக்குத் திரும்பினார்கள். ஆனால் மைக்ரோசாஃப்டின் பிங் தேடுபொறி முன்னிருப்பாக உள்ள, அதே நிறுவனத்தின் எட்ஜ் உலாவியில் 80 சதவீதத் தேடல்கள் பிங்கிலேயே நடப்பதும் அதே வழக்கில் வெளிவந்ததுதான்.

அந்த வழக்கில் 2025 செப்டம்பரில் வந்த தீர்வு ஆணை, போட்டியாளர்களுக்கு இடமில்லாமல் செய்யும் ஒப்பந்தங்களைத் தடுத்தாலும், முன்னிருப்புக்காகப் பணம் கொடுப்பதை அனுமதித்துவிட்டது. இது எனக்கு ஏமாற்றமே. தகுதியுள்ள போட்டியாளர்களுடன் சில தேடல் தரவுகளைப் பகிர வேண்டும் என்ற பகுதியைத்தான் எதிர்பார்ப்புடன் கவனிக்கிறேன்.

என் கைப்பேசியில் மாற்றுத் தேடுபொறி இன்னும் இருக்கிறது. தமிழில் மட்டுமே தேடும் அம்மாவின் கைப்பேசியில் நான் எதையும் மாற்றவில்லை.