சின்ன மோட்டார் வாங்கும் முன்: பல வருடப் பயன்பாட்டில் தெரிந்துகொண்டவை

சின்ன மோட்டார் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று), அடுத்தது வோல்ட். இரண்டும் வேண்டியவைதான். ஆனால் வீட்டுக்கும் மாணவர்களின் ப்ராஜெக்ட்டுக்கும் சின்னச் சின்னக் கருவிகள் செய்து, அவற்றை வருடக்கணக்கில் ஓடவிட்டுப் பார்த்ததில் நான் முதலில் கேட்கும் கேள்வி வேறு: இந்த மோட்டார் நிற்கும் நேரத்தில் என்ன செய்ய வேண்டும்? மீனுக்குத் தீனி போடும் பெட்டி ஒரு நாளைக்குச் சில நொடிதான் சுற்றுகிறது. அலமாரிப் பூட்டு அதைவிடக் குறைவு. மற்ற நேரமெல்லாம் நிற்கிறது. அப்போது சுமையைப் பிடித்து வைக்க வேண்டுமா, அதற்குக் கரண்ட் இழுக்குமா, சூடாகுமா என்று பார்த்தாலே பாதி மோட்டார்கள் பட்டியலிலிருந்து கழன்றுவிடும்.

மீன் தொட்டிப் பெட்டியில் நான் வைத்திருப்பது 28பிஒய்ஜே-48 ஸ்டெப்பர், அதாவது சின்னச் சின்ன அடியாக (ஸ்டெப்) சுற்றும் மோட்டார். 5 வோல்ட், ஐந்து வயர், கூடவே, புரோகிராம் ஓடும் கன்ட்ரோலர் சொல்கிறபடி மோட்டாருக்குக் கரண்ட் தரும் யூஎல்என்2003 டிரைவர் போர்டு. சென்னை ரிச்சி தெருவில் தேடி அலையாமல் கிடைக்கும். எட்டு அறை உள்ள தட்டை ஒவ்வொரு வேளைக்கும் ஒரு அறை நகர்த்துவது ஸ்டெப்பருக்கு என்றே அமைந்த வேலை. ஆனால் வழக்கமாக எழுதும் புரோகிராமில் தட்டு நின்ற பிறகும் காயிலில் (கம்பிச் சுருளில்) கரண்ட் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு காயில் சுமார் 50 ஓம். இரண்டு காயில் சேர்ந்தால் 200 மில்லிஆம்ப். சுற்றாமல் நிற்கும் மோட்டாரைத் தொட்டால் கை சுடும். நகர்த்தி முடித்ததும் டிரைவருக்குப் போகும் நான்கு பின்னையும் ஆஃப் செய்துவிட்டால் போதும், உள்ளே இருக்கும் கியரே அந்த லேசான தட்டை அசையாமல் பிடித்துக்கொள்ளும்.

இன்னொன்று, ஒரு முழுச் சுற்றுக்கு 2048 ஸ்டெப் என்றுதான் எல்லோரும் எழுதுகிறோம். உள்ளே மோட்டாருக்கு 32 ஸ்டெப், கியர் விகிதம் 64 என்று வைத்த கணக்கு அது. மூடியைத் திறந்து கியர் பற்களை எண்ணிப் பாருங்கள். 32க்கு 9, 22க்கு 11, 26க்கு 9, 31க்கு 10 என்று இருந்தால், பெருக்கி வருவது 64 இல்லை, ஏறத்தாழ 63.68. அதாவது ஒரு சுற்றுக்கு 2038 ஸ்டெப்தான். பத்து ஸ்டெப் வித்தியாசம் ஒரு சுற்றில் கண்ணுக்கே தெரியாது. தினம் இரண்டு வேளை ஓடினால் நூறு நாளில் தட்டு ஒரு முழு அறை தள்ளிப்போய் நிற்கும். ஊருக்குப் போகும்போது நம்பி விட்டுப்போகிற கருவி இது, உள்ளே உயிர் இருக்கிறது. அதனால் தட்டின் ஓரத்தில் ஒரு சின்னக் காந்தமும் எதிரே அந்தக் காந்தத்தை உணரும் ஒரு ஹால் சென்சாரும் வைத்து, ஒவ்வொரு சுற்றிலும் தொடக்க இடத்தைச் சரிபார்க்க வைப்பது அவசியம்.

பூட்டுக்கு எஸ்ஜி90 சர்வோவைத்தான் நிறையப் பேர் சொல்வார்கள். 9 கிராம் எடை, விலை குறைவு, கோணம் சொன்னால் போய் நிற்கும். பெட்டி மூடியைத் தூக்குவது, கேமராவைத் திருப்புவது மாதிரி வேலைகளுக்கு நான் இன்றும் அதைத்தான் வாங்குகிறேன். பூட்டுக்கு மட்டும் வேண்டாம். தாழ்ப்பாள் கொஞ்சம் உரசினாலும் சொன்ன கோணத்தை எட்டப் பார்த்து முனகிக்கொண்டே கரண்ட் இழுக்கும். பிளாஸ்டிக் பற்கள் சீக்கிரம் தேயும். சிக்னலை நிறுத்திவிட்டால் பிடியும் தளர்ந்துவிடும்.

அங்கே நான் போடுவது என்20 கியர் மோட்டார். கட்டைவிரல் அகலம்கூட இல்லை, 12 மில்லிமீட்டர்தான். ஷாஃப்ட்டுக்குப் பதிலாக எம்4 (4 மில்லிமீட்டர்) மரை நீண்டிருக்கும் வகை ஒன்று உண்டு, அதைக் கேட்டு வாங்குங்கள். ஒரு சுற்றுக்கு, தாழ்ப்பாளோடு சேர்த்த நட் 0.7 மில்லிமீட்டர் நகரும். 300 ஆர்பிஎம் எடுத்தால் 20 மில்லிமீட்டர் தாழ்ப்பாள் ஆறு நொடிக்குள் முழுக்க வெளியே வந்துவிடும். 100 ஆர்பிஎம் எடுத்தால் பதினேழு நொடி காத்திருக்க வேண்டும். மரையின் சரிவு அவ்வளவு குறைவு என்பதால், தாழ்ப்பாளை எவ்வளவு தள்ளினாலும் அது திரும்பிச் சுற்றாது. கரண்ட் பூஜ்யம், பிடி முழுசு. எனக்கு மிகவும் பிடித்த மோட்டார் அமைப்பு இதுதான். இரண்டு முனையிலும், தாழ்ப்பாள் வந்து தொட்டதும் மோட்டாரை நிறுத்த லிமிட் ஸ்விட்ச் மட்டும் மறக்காமல் வையுங்கள்.

மாணவர்களின் ரோபோ வண்டிக்கு மஞ்சள் நிற பிஓ (பேட்டரியில் ஓடும்) கியர் மோட்டாரே போதும். அதிர்வு மோட்டார், 5 வோல்ட் சின்ன ஃபேன் இவற்றில் யோசிக்கப் பெரிதாக ஒன்றுமில்லை. நாள் முழுக்க ஓட வேண்டியது எதுவானாலும் பிரஷ்லெஸ் வாங்குங்கள், சுற்றும் பாகத்துக்குக் கரண்ட் கொடுத்தபடி உரசித் தேயும் பிரஷ் அதில் இருக்காது.

கோர்லெஸ், அதாவது சுற்றும் காயிலில் இரும்பு இல்லாத மோட்டார் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பொம்மை டிரோனில் வரும் 7, 8.5 மில்லிமீட்டர் குழல் மோட்டார்கள் சீக்கிரம் சாவதால் அந்த வகைக்கே கெட்ட பெயர் வந்துவிட்டது. அங்கே முழுச் சுமையில் ஓயாமல் ஓடி பிரஷ் தேய்கிறது, இரும்பு இல்லாத காயிலில் சூடும் சட்டென்று ஏறுகிறது. அதன் உண்மையான பலம் வேறு. சுற்றும் பாகம் லேசு என்பதால் நொடியில் கிளம்பும், நொடியில் நிற்கும், உடனே எதிர்ப்பக்கம் திரும்பும். செவ்வாயில் 2021இல் பறக்கத் தொடங்கிய இன்ஜெனியுட்டி ஹெலிகாப்டரில் இறக்கைகளின் சாய்வை மாற்றியவை மாக்ஸன் நிறுவனத்தின் 10 மில்லிமீட்டர் மோட்டார்கள் ஆறு. அவையும் பிரஷ் உள்ள கோர்லெஸ்தான். ஐந்து முறை பறந்தால் போதும் என்று அனுப்பிய ஹெலிகாப்டர் 72 முறை பறந்தது.

கடையில் கையோடு ஒரு மல்டிமீட்டர் இருந்தால், பிரஷ் மோட்டாரின் இரு முனைக்கும் நடுவே ஓம் பாருங்கள். ஷாஃப்ட்டை மெல்லத் திருப்பித் திருப்பி இருக்கும் மிகக் குறைந்த அளவை எடுங்கள். வோல்ட்டை அந்த ஓமால் வகுத்தால் சிக்கி நிற்கும்போது இழுக்கும் கரண்ட் கிடைக்கும். 6 வோல்ட், 10 ஓம் என்றால் 600 மில்லிஆம்ப். டிரைவர் போர்டு அதைத் தாங்க வேண்டும். வேலை செய்யும்போது சுமை, சிக்கி நிற்கும்போது மோட்டார் தரும் டார்க்கில் (திருப்பு விசையில்) கால்வாசியைத் தாண்டாமல் இருந்தால் மோட்டார் நீண்ட நாள் உழைக்கும்.

டிரைவரில் எல்298என் போர்டைத் தவிருங்கள். இரண்டு செல் பேட்டரியின் 7.4 வோல்ட்டில் ஏறத்தாழ 2 வோல்ட்டை அதுவே சூடாக்கித் தின்றுவிடும். சின்ன மோட்டார்களுக்கு டிஆர்வி8833 சரியாக இருக்கும், அளவிலும் சிறியது. அப்புறம், மோட்டாரின் இரு முனைக்கும் குறுக்கே ஒரு 104 (0.1 மைக்ரோஃபாரட்) செராமிக் கெப்பாசிட்டரை, வயரில் எங்கோ இல்லாமல் மோட்டாரின் மேலேயே, ஒட்டிப் பற்றவையுங்கள். மோட்டார் கிளப்பும் மின் இரைச்சலை அது அடக்கும், காரணமே தெரியாமல் கன்ட்ரோலர் ரீசெட் ஆவது பெரும்பாலும் அதோடு நின்றுவிடும்.