12 ஆண்டும் 6 ஆண்டும்: ஒரே வாயில் இரு வகை வெனீர்கள்

என் மேல்வரிசை முன்பற்கள் நான்கிலும் பீங்கான் வெனீர்கள், அதாவது பல்லின் முன்பக்கத்தில் ஒட்டப்படும் மெல்லிய ஓடுகள், இருக்கின்றன. நடுவிலுள்ள இரண்டும் 2013ஆம் ஆண்டில் பழைய முறைப்படி, பல் தொழில்நுட்பர் ஒருவர் கையால் செய்து கொடுத்தவை. அவற்றுக்கு இருபுறமும் உள்ள இரண்டும் 2019இல் கணினியில் வடிவமைத்து, இயந்திரத்தில் கடைந்து, அன்றைக்கே ஒட்டப்பட்டவை. இரு வகையையும் பல ஆண்டுகளாக ஒரே வாயில் வைத்துப் பார்த்துவிட்டதால், என்னிடம் கேட்பவர்களுக்குத் துண்டு துண்டாகச் சொல்வதைவிட ஒருமுறை முழுமையாக எழுதிவிடுவது நல்லது என்று நினைக்கிறேன்.

நான் மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவன்; இப்போது அதே வட்டாரத்தில் தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். பதின்மூன்று வயதில் தோட்டத்துச் செம்மண் சாலையில் சைக்கிளிலிருந்து விழுந்ததில் நடுப்பற்கள் இரண்டும் முனை உடைந்தன. அரசாங்கக் கிளினிக்கில் பிசின் வைத்து ஒட்டிக் கொடுத்தார்கள். அந்தப் பிசின் ஆண்டுக்கு ஆண்டு பழுப்பேறியது. வகுப்பில் வாய் திறந்து சிரிப்பதை நான் தவிர்த்த காலம் அது. பல் என்பது அழகுக்கு மட்டும் என்று யாராவது சொன்னால் இன்றும் எனக்கு மனம் ஒப்பாது.

2013இல் ஈப்போவிலுள்ள தனியார் பல் மருத்துவரிடம் போனேன். ஊரிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர். மொத்தம் நான்கு முறை சென்றுவர வேண்டியிருந்தது. முதல் முறை நிறம் பார்த்துப் படம் எடுத்தார்கள். இரண்டாம் முறை பல்லின் முன்பக்கத்தை அரை மில்லிமீட்டர் அளவுக்குச் சீவி, சிலிக்கோனில் அச்செடுத்து, தற்காலிகப் பிசின் ஓடுகளை ஒட்டி அனுப்பினார்கள். இரண்டரை வாரம் கழித்து நிரந்தர வெனீர்கள் வந்தன. தற்காலிக ஓடு ஐந்தாம் நாளே ஒரு பக்கம் கழன்றது. குளிர்ந்த நீர் பட்டால் பல் கூசியது. ஆனாலும் அந்த இரண்டரை வாரத்தில் நடந்த ஒன்றை நான் மிகவும் மதிக்கிறேன். மேற்பல்லும் கீழுதடும் சேரும்போதுதான் வகரம் பிறக்கிறது என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவன் நான். தற்காலிக ஓடுகளின் முனை சற்று நீளமாக இருந்ததால் ‘வ’ வரும் இடத்திலெல்லாம் உதடு தட்டியது. அதை மருத்துவரிடம் சொன்னதும் முனையைக் குறைத்துத் தேய்த்து, அந்த அளவையே தொழில்நுட்பருக்கு அனுப்பினார். வந்த வெனீரில் அந்தத் தட்டல் இல்லை.

2019இல் பக்கத்துப் பற்களுக்குச் சென்றபோது அந்த வாய்ப்பு எனக்குக் கிடைக்கவில்லை. அவை இரண்டும் சற்றுத் திரும்பியும் கறையேறியும் இருந்தன. பள்ளியில் விடுப்பு எடுப்பது கடினமாக இருந்ததால், காலையில் போய் மாலையில் திரும்பலாம் என்ற இன்னொரு கிளினிக்கைத் தேர்ந்தெடுத்தேன். இந்த முறை புதிதாக முளைத்ததன்று. சூரிக் பல்கலைக்கழகத்தில் வெர்னர் மோர்மனும் மார்கோ பிராண்டெஸ்டினியும் உருவாக்கிய செரெக் முறையில், 1985ஆம் ஆண்டிலேயே நோயாளியை நாற்காலியில் வைத்துக்கொண்டு பீங்கானைக் கடைந்து பொருத்தியிருக்கிறார்கள். என் வாயைச் சிறு கேமரா ஒன்றால் வருடி, திரையில் பல்லின் வடிவத்தைக் காட்டினார்கள். குமட்டலெடுக்கும் அச்சுப் பசை இல்லாதது பெரிய ஆறுதல். லித்தியம் டைசிலிக்கேட் என்னும் பீங்கான் வகையின் கட்டியை இயந்திரம் கடைந்து முடித்தபோது அது ஊதா நிறத்தில் இருந்ததைப் பார்த்துத் திகைத்தேன். ஏறத்தாழ 850 பாகை செல்சியஸ் சூட்டில் உலையில் வைத்தபின்தான் அது பல்லின் நிறத்தையும் முழு வலிமையையும் பெறுகிறது. ஐந்து மணி நேரத்தில் இரண்டும் ஒட்டி முடிந்தன.

ஒட்டுவதற்கு முன் கண்ணாடியைக் கொடுத்து, “சரியாக இருக்கிறதா?” என்று கேட்டார்கள். மேலுதடு மரத்துப்போயிருந்த நிலையில் சிரிக்கவும் முடியவில்லை, பேசிப்பார்க்கவும் முடியவில்லை. இருந்தும் சரி என்று தலையாட்டினேன். ஒரே நாள் முறையில் நான் காணும் உண்மையான குறை இயந்திரத்தில் இல்லை, இந்த இடத்தில்தான் இருக்கிறது. பல ஆண்டுகள் வாயில் இருக்கப்போகும் ஒன்றுக்கு, உதட்டில் உணர்ச்சியே இல்லாத நேரத்தில் ஒப்புதல் கொடுக்க வேண்டியிருக்கிறது.

நிறத்திலும் பிழை நேர்ந்தது. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், புதிய வெனீர்கள் இரண்டும் மற்றப் பற்களைவிட ஒரு படி வெளுப்பாகத் தெரிந்தன. காரணம் மூன்று ஆண்டுகள் கழித்துத்தான் விளங்கியது. வாயைத் திறந்தே வைத்திருந்தால் பல் உலர்ந்து, இயல்பைவிட வெளுத்துத் தெரியும். ஈரம் திரும்பப் பல மணி நேரம் ஆகும். என் பல்லின் நிறத்தை, சீவி முடித்த பிறகே பார்த்திருக்கிறார்கள். நிறம் என்பது நாற்காலியில் சாய்ந்தவுடன், பல் ஈரமாக இருக்கும்போதே, கூடுமானால் சன்னல் வெளிச்சத்தில் பார்க்கப்பட வேண்டியது.

அது விளங்கிய விதத்தையும் சொல்லிவிடுகிறேன். 2022இல் இடப்பக்கத்துப் புதிய வெனீர் சாப்பிடும்போது முழுதாகக் கழன்று தொலைந்துபோனது. மருத்துவர் சோதித்துவிட்டு, அந்தப் பல் திரும்பியிருந்ததால் அதைச் சமன்படுத்த அதிகம் சீவ வேண்டியிருந்தது என்றும், ஒரு பகுதியில் பற்சிப்பி என்னும் கடினமான மேலடுக்கு போய் உள்ளடுக்கான டென்டின் வெளிப்பட்டுவிட்டது என்றும் விளக்கினார். வெனீரை உறுதியாகப் பிடித்துவைப்பது பற்சிப்பிதான். பீங்கானின் உட்புறத்தை ஹைட்ரோஃப்ளோரிக் அமிலத்தாலும் பல்லைப் பாஸ்பாரிக் அமிலத்தாலும் நுண்ணியதாக அரித்துப் பிசினால் ஒட்டும் வேலை இரு வகைக்கும் பொது. அந்தப் பிடிப்பு பற்சிப்பியில் நீடிப்பதுபோல் டென்டினில் நீடிப்பதில்லை. கையால் அடுக்கும் பீங்கானை 0.3 மில்லிமீட்டர் வரை மெலிதாக்கலாம். கடையும் இயந்திரத்துக்கு அவ்வளவு மெல்லிய விளிம்பு எளிதில் கைகூடாது; சில்லுச் சில்லாகப் பெயர்ந்துவிடும். ஆகவே சில பற்களில் சற்றுக் கூடுதலாகச் சீவ வேண்டிவருகிறது.

ஆனால் அதே நாளில் டிஜிட்டல் முறையின் பெருமையையும் கண்டேன். என் பழைய வடிவம் கணினியில் அப்படியே இருந்தது. பல்லைத் துடைத்து மீண்டும் வருடி, வெளிப்புற உருவத்தைப் பழைய கோப்பிலிருந்தே எடுத்து, மதியத்துக்குள் புதிய வெனீரை ஒட்டிவிட்டார்கள். இம்முறை நிறத்தை முதலிலேயே பார்த்தார்கள்; முன்பு வெளுத்துப்போன காரணம் எனக்கு விளங்கியது அப்போதுதான். இன்று இடப்பக்கம் நடுப்பல்லோடு ஒத்துப்போகிறது, வலப்பக்கம் மட்டும் வெளுப்பாக நிற்கிறது. நடுப்பற்களில் ஒன்று அப்படிக் கழன்றிருந்தால் மறுபடியும் அச்சு, தற்காலிக ஓடு, இரண்டு வார அலைச்சல் என்று போயிருக்கும்.

இனி வயதாவதைப் பற்றி. 2013இன் நடுப்பற்கள் இப்போதும் உயிருள்ள பற்களாகவே தெரிகின்றன. முனையில் வெளிச்சம் ஊடுருவும் அந்த நீலச் சாயல், தொழில்நுட்பர் பல நிறப் பீங்கான் பொடிகளை அடுக்கி அடுக்கிச் சுட்டதால் உள்ளிருந்தே வருவது. டிஜிட்டல் வெனீர்கள் ஒரே கட்டியிலிருந்து வந்தவை. அவற்றின் சாயல் மேற்பரப்பில் தீட்டிச் சுட்டது. ஆறாம் ஆண்டில் வலப்பக்கத்தில் அந்த மேற்பூச்சு சற்று மங்கியிருக்கிறது. வலிமையில் நிலைமை நேர்மாறு. பொடி அடுக்கிச் செய்த ஃபெல்ட்ஸ்பார் பீங்கானைவிட லித்தியம் டைசிலிக்கேட் மூன்று மடங்குக்கும் மேல் வளைவைத் தாங்கும். 2017இல் தீபாவளி முறுக்கைக் கடித்தபோது நடுப்பல்லின் முனையில் ஒரு சிறு சில்லு போனது, தேய்த்து வழவழப்பாக்கினார்கள். தூக்கத்தில் பல்லைக் கடிக்கும் வழக்கம் எனக்கு இருப்பது அப்போதுதான் தெரியவந்தது. அன்றுமுதல் இரவில் பல் கவசம் அணிகிறேன். ஈறு சற்று இறங்கியதால் வலது நடுப்பல்லின் விளிம்பில் மெல்லிய பழுப்புக் கோடு தெரிகிறது. பன்னிரண்டு ஆண்டுக்கு அதை நான் பெரிதாக எண்ணவில்லை. நாள்தோறும் குடிக்கும் கோப்பி ஓ (பாலில்லாத காப்பி) இரு வகைப் பீங்கானிலும் படியவில்லை, விளிம்புப் பிசினில் மட்டுமே படிகிறது.

2013இல் பல்லுக்கு 1,200 ரிங்கிட், 2019இல் 1,500 ரிங்கிட் கொடுத்தேன். இவற்றைவிட மலிவாக அழகு நிலையங்களில் வெனீர் ஒட்டிக்கொள்ளும் இளையோரைக் காணும்போது எனக்கு உண்மையிலேயே அச்சமாக இருக்கிறது. மலேசியப் பல் மருத்துவ மன்றத்தில் பதிவு பெறாதவர் இந்த வேலையைச் செய்வது சட்டவிரோதம். சீவிய பற்சிப்பி மீண்டும் வளராது.

அண்மையில் என் தங்கை மகள், தை மாதம் திருமணம் என்பதால், “மாமா, நாலு பல்லையும் ஒரே நாள்ல முடிச்சிடலாமாம். காலையில போனா சாயங்காலம் வந்திடலாமாம்” என்றாள். ஒரே நாள் முறையையே எடுத்துக்கொள், ஆனால் சீவுவதற்கு முன் மாதிரி ஓடுகளை ஒட்டச் சொல்லி நான்கு நாள் பேசிப்பார், சாப்பிட்டுப்பார் என்றேன். அப்படியே செய்தாள். மூன்றாம் நாள், நீளம் தனக்குப் பொருந்தவில்லை என்று தெரிந்துகொண்டாள். இப்போது பற்களை வெளுப்பாக்கிவிட்டு இரண்டு பற்களுக்கு மட்டும் வெனீர் வைப்பதாக மருத்துவரும் அவளும் முடிவு செய்திருக்கிறார்கள். வெளுப்பாக்கிய உடனே ஒட்டினால் பிசின் சரியாகப் பிடிக்காது, நிறமும் நிலைத்திருக்காது என்பதால், இரண்டு வாரம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்கள்.