நேஷனல் செக்யூரிட்டி சர்டிபிகேட்: பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

வர்ஜீனியா, மேரிலாந்து பக்கம் வேலை பார்க்கும் நம் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். வேலையை விடாமல் ஆன்லைனில் 'நேஷனல் செக்யூரிட்டி கிராஜுவேட் சர்டிபிகேட்' படிக்கலாம் என்ற விளம்பரம் உங்களுக்கும் வந்திருக்கும். நான் நம்பிச் சேர்ந்தேன். 9,600 டாலர் போய்விட்டது.

ஆஷ்பர்னில் ஒரு டேட்டா சென்டரில் நெட்வொர்க் வேலை எனக்கு, பாதி நாள் இரவு ஷிப்ட். சுற்றிலும் அரசாங்க கான்ட்ராக்ட் கம்பெனிகள். எந்த வேலையைத் திறந்து பார்த்தாலும் 'செக்யூரிட்டி கிளியரன்ஸ் தேவை' என்று ஒரு வரி இருக்கும். அரசாங்க ரகசியங்களைப் பார்க்க ஆளை விசாரித்துக் கொடுக்கும் அனுமதிதான் அது. அந்த நேரம் பார்த்து அட்மிஷன் ஆலோசகர் ஒருவர் போனில் பிடித்தார். கிரீன் கார்டு வாங்கி மூன்று வருடம் ஆகிறது என்று எடுத்தவுடனே சொன்னேன். "ஒரு பிரச்சினையும் இல்லை, உங்களைப் போல நிறைய பேர் படிக்கிறார்கள். நாலே பாடம், 12 கிரெடிட். முடித்தால் கிளியரன்ஸ் வேலைக்கு ரெடி" என்றார். சந்தேகப்பட்டு மறுபடியும் கேட்டேன், அதையேதான் சொன்னார். எல்லாம் வாய்ப்பேச்சு. வந்த மெயில்களில் கிளியரன்ஸ் என்ற சொல்லே இல்லை என்பதைப் பிறகுதான் கவனித்தேன்.

பாடம் முழுக்க மோசம் என்று சொல்ல மாட்டேன். 1947 சட்டத்தால் தேசியப் பாதுகாப்புக் கவுன்சிலும் சிஐஏவும் உருவான கதையை முதல் ஆசிரியர் நடத்தியபோது, ஷிப்ட் முடிந்த அசதியிலும் தூங்காமல் கேட்டேன். மூன்றாவது பாடத்திலிருந்து பழைய வீடியோக்கள்தான். கட்டுரைக்கு மார்க் வர ஏழு வாரம் ஆனது.

டைசன்ஸில் ஒரு ஹோட்டலில் வேலைவாய்ப்பு முகாம். வாசல் மேஜையில் இருந்த அம்மா, "ஆக்டிவ் கிளியரன்ஸ் இருக்கிறதா?" என்றார். இல்லை, இதைப் படிக்கிறேன் என்று ஃபைலைத் திறந்து காட்டினேன். "சிட்டிசனா?" இல்லை. பின்னால் வரிசை காத்திருந்தது. ஆனாலும் என்னை ஓரமாக அழைத்து, யாரும் எனக்குச் சொல்லாததை அவர்தான் சொன்னார்.

கிளியரன்ஸைக் கல்லூரி தராது. நாமாக விண்ணப்பிக்கவும் முடியாது. வேலை தரும் கம்பெனியோ அரசுத் துறையோதான் ஸ்பான்சர் செய்ய வேண்டும். விசாரணைக்கு நம்மிடம் ஒரு காசும் வாங்க மாட்டார்கள். 1995-இன் 12968-ஆம் நிர்வாக ஆணைப்படி கிளியரன்ஸ் அமெரிக்கக் குடிமக்களுக்குத்தான். மற்றவர்களுக்குக் குறைந்த அளவு அனுமதி என்பது மிக அரிதான விதிவிலக்கு. சிட்டிசன் ஆனவர்களும் எஸ்எஃப்-86 என்ற நீளமான படிவத்தை நிரப்ப வேண்டும். 10 வருட முகவரிகள், 7 வருட வெளிநாட்டுப் பயணங்கள், ஊரில் இருக்கும் அம்மா அப்பா விவரம் எல்லாம் கேட்பார்கள். ஊரில் சொந்தம் இருப்பதால் மட்டும் தள்ளிவிட மாட்டார்கள், மறைத்தால்தான் சிக்கல். பின்னால் முயற்சி செய்ய நினைப்பவர்கள் இந்தியா போய்வந்த தேதிகளை இப்போதே குறித்து வையுங்கள்.

அடுத்த அடி எங்கள் எச்ஆரிடமிருந்து வந்தது. படிப்புக்குக் கம்பெனி வருடத்துக்கு 5,250 டாலர் வரை வரியில்லாமல் தர சட்டம் இடம் தருகிறது. அதை நம்பித்தான் கார்டில் போட்டேன். ரசீதைக் கொடுத்தால், அந்தக் கல்லூரிக்கு அங்கீகாரம் கொடுத்த அமைப்பே அமெரிக்கக் கல்வித் துறையின் பட்டியலில் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். விளம்பரத்தில் 'அக்ரெடிட்டட்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். யார் கொடுத்த அங்கீகாரம் என்று நான் கேட்கவே இல்லை. அங்கீகாரம் உள்ள கல்லூரிகளைப் பட்டியலிடும் கல்வித் துறையின் 'டேபிப்' (DAPIP) தளத்தில் கல்லூரிப் பெயரைத் தட்டினால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். இந்த கிரெடிட்டை மாஸ்டர்ஸில் சேர்த்துக்கொள்வீர்களா என்று நீங்கள் பிறகு சேர நினைக்கும் பல்கலைக்கழகத்திடமே நேரில் கேளுங்கள். நான் கேட்ட இரண்டு இடத்திலும் ஒரு கிரெடிட்கூட எடுக்கவில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். வகுப்பு தொடங்கி ஏழு நாளுக்குள் எழுத்தில் விலகினால்தான் தருவார்களாம். அந்த ஆலோசகர் இப்போது அங்கே இல்லையாம். வர்ஜீனியா மாநில உயர்கல்விக் கவுன்சிலுக்குப் புகார் அனுப்பியிருக்கிறேன், பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

இப்படி ஒரு போன் பேச்சை நம்பி இந்த வாரம்தான் சேர்ந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், கிளியரன்ஸ் பற்றிச் சொன்னதை மெயிலில் எழுதித் தரச் சொல்லி இன்றைக்கே கேளுங்கள். தராவிட்டால் ஏழாவது நாள் வரை காத்திருக்காதீர்கள், விலகல் கடிதத்தை உடனே அனுப்புங்கள். எப்படி எழுதுவது என்று தெரியாவிட்டால் என்னிடம் கேளுங்கள், நான் எழுதித் தருகிறேன்.