மாட்ரிட் போகிறவர்கள் கவனத்துக்கு: ஒரு டிக்கெட், ஒரு 'சைவ'த் தட்டு

பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்ததும் ஸ்பெயின் தலைநகர் மாட்ரிட்டுக்குக் கிளம்பினோம். நான், வீட்டுக்காரர், 68 வயது அத்தை, 14 வயதுப் பையன், 9 வயதுப் பெண். பகலில் ஓவியம், சாயங்காலம் சாப்பாடு, ஐந்து நாளும் அவ்வளவுதான் திட்டம். இரண்டிலும் பணத்தை விட்டோம். கோவையில் ஆட்டோவுக்குப் பத்து ரூபாய் பேரம் பேசுகிறவள் நான்!

முதலில் பிராடோ மியூசியம். கூகுளில் தேடியபோது உச்சியில் வந்த தளத்தை மியூசியத்தின் சொந்தத் தளம் என்றே நினைத்துவிட்டேன். அதே கட்டடத்தின் படம், அதே பெயர். பெயருக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் 'விளம்பரம்' என்று இருந்ததை அப்புறம்தான் பார்த்தேன். 'வரிசையில் நிற்க வேண்டாம், வழிகாட்டி உண்டு' என்று போட்டு ஆளுக்கு 29 யூரோ கேட்டார்கள். ஐந்து பேருக்கு 145.

மியூசியத்தின் கோயா வாசல் அருகே கையில் கொடியுடன் ஓர் ஆள் நின்றார். ஐந்து சீட்டைக் கொடுத்து, கதவைக் காட்டி, "என்ஜாய்" என்று சொல்லிவிட்டு அடுத்த குடும்பத்திடம் போய்விட்டார். வழிகாட்டி அவ்வளவுதான்.

சீட்டை வாங்கிப் பார்த்த பையன், "அம்மா, என்னோடதுல சைபர் யூரோன்னு போட்டிருக்கு" என்றான். பெண்ணின் சீட்டிலும் அப்படியே. விசாரித்தால், பிராடோவில் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணமே கிடையாது. 65 தாண்டியவர்களுக்குப் பாதி. பெரியவர்களுக்கு 15 யூரோ. நேராக வாங்கியிருந்தால் எங்கள் மொத்தச் செலவு முப்பத்தேழரை யூரோ. இலவசச் சீட்டையே ஆளுக்கு 29 என்று என் தலையில் கட்டியிருக்கிறார்கள். இதில் இன்னொரு கொடுமை: திங்கள் முதல் சனி வரை மாலை 6 முதல் 8 வரை, ஞாயிறன்று 5 முதல் 7 வரை, அங்கே எல்லாருக்குமே இலவசம். வரிசை நீளமாக இருக்கும், அது வேறு விஷயம்.

உள்ளே போனதும் கோபம் கொஞ்சம் ஆறியது என்பதையும் சொல்ல வேண்டும். வெலாஸ்கெஸ் 1656-ல் வரைந்த 'லாஸ் மெனினாஸ்' மூன்று மீட்டருக்கு மேல் உயரம். அதற்குள் ஓவியர் தன்னையும் வரைந்துகொண்டு, கையில் தூரிகையோடு நம்மைப் பார்த்தபடி நிற்கிறார். பெண் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்து நடந்து, அவர் கண் தன் கூடவே வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிக்காசோவின் 'கெர்னிகா' ஓவியம் இருக்கும் ரெய்னா சோஃபியா மியூசியத்துக்கு மறுநாள் போனோம். இந்தத் தடவை வாசலிலேயே டிக்கெட். அங்கும் பிள்ளைகளுக்கு இலவசம். செவ்வாய்க்கிழமை விடுமுறை, பார்த்துப் போங்கள்.

இனி சாப்பாடு. பிளாசா மயோர் சதுக்கத்தின் பக்கத்தில், நடைபாதையில் மேஜை போட்ட ஒரு கடை. பலகையில் எட்டுவகை பாயேயாவின் (ஸ்பெயின்காரர்களின் அரிசிச் சாப்பாடு) வண்ணப் படங்கள். அதே பலகை இரண்டு கடை தள்ளியும் இருந்தது. அங்கேயே சுதாரித்திருக்க வேண்டும். பாயேயா வாலென்சியா பக்கத்துச் சாப்பாடு. அரிசி வேகவே இருபது நிமிடமாவது ஆகும். எங்களுக்கு எட்டாவது நிமிடத்தில் வந்தது. மேலே கொதி, நடுவில் ஜில்லிப்பு.

கேட்காமலே ரொட்டியும் ஆலிவும் வந்தன. உபசாரம் என்று நினைத்தோம். பில்லில் ரொட்டி ஆளுக்கு இரண்டரை யூரோ, ஆலிவ் நாலரை. சர்வர் ஆசையாகச் சிபாரிசு செய்த இறாலுக்கு மெனுவில் விலையே இல்லை. அந்த இடத்தில் எஸ், எம் என்று இரண்டே எழுத்து. 'செகூன் மெர்காதோ', அன்றைய சந்தை விலையாம். பன்னிரண்டு இறால், 46 யூரோ. தண்ணீர் இரண்டு பாட்டில் 10 யூரோ. குழாய்த் தண்ணீரைக் கேட்டால் இலவசமாகத் தர வேண்டும் என்று 2022-லேயே சட்டம் வந்துவிட்டதாம். "அகுவா தெல் கிரிஃபோ" என்று கேளுங்கள். மாட்ரிட் குழாய்த் தண்ணீர் நன்றாகவே இருக்கிறது.

பணத்தைக்கூட விட்டுவிடுவேன். அத்தை சுத்த சைவம். "வெஹெதரியானா" என்று நானே இரண்டு தடவை சொன்னேன். "சீ, சீ, சின் கார்னே" (ஆமாம், ஆமாம், கறி இல்லாமல்) என்று சர்வர் தலையாட்டிவிட்டு, எண்ணெயில் வதக்கிய ஆர்டிச்சோக் என்ற காயைக் கொண்டுவந்து வைத்தார். இடையிடையே சிவப்பாகப் பொடித் துண்டுகள். காய்ந்த மிளகாய் என்று நினைத்து அத்தை ஒன்றை மென்றுவிட்டார். "கண்ணு, இது மொளகா இல்ல போல இருக்கே" என்றார். அது ஹமோன், பன்றித்தொடை. அந்த ஊரில் பலருக்கு அது இறைச்சிக் கணக்கிலேயே வராது. கடைகளில் 'வெஹெதால்' (காய்கறி) என்று எழுதி விற்கும் சாண்ட்விச்சில்கூட சூரை மீன் இருக்கும். அத்தை எழுந்து போய் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தார். யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்று ராத்திரி வெறும் தண்ணீர்தான் குடித்தார். "நி கார்னே, நி ஹமோன், நி பெஸ்காதோ" என்று கறி, ஹமோன், மீன் மூன்றையும் தனித்தனியாகச் சொல்லி மறுக்க வேண்டும் என்று ஓட்டல் வரவேற்பில் இருந்த பெண் அப்புறம் எழுதிக் கொடுத்தாள். அந்தத் துண்டுச் சீட்டைக் காட்டித்தான் மறுநாள் ஒரு சந்துக் கடையில், உப்புத் தூவிப் பொரித்த, காரம் குறைந்த பத்ரோன் பச்சை மிளகாய் ஒரு தட்டு முழுக்க அத்தை சாப்பிட்டார்.

பில் 125 யூரோ. அதற்கு மேல் நடைபாதை மேஜைக்கென்று பன்னிரண்டரை. வீட்டுக்காரர் "விடு, வந்த இடத்துல எதுக்கு" என்றார். நான் விடவில்லை. "ஓஹாஸ் தே ரெக்லமசியோனெஸ்" கொடுங்கள் என்றேன். புகார்ப் படிவம். கேட்டால் கடைக்காரர் தந்தாக வேண்டும். அந்த வார்த்தையைக் கேட்டதும் உள்ளேயிருந்து வேறொருவர் வந்தார். ரொட்டிக் காசும் மேஜைக் காசும் கழிந்தன, 25 யூரோ. இறாலும் ஆர்டிச்சோக்கும் அப்படியே நின்றன. அத்தை களைத்துப் போயிருந்ததால் படிவத்தை நிரப்பாமல் வந்துவிட்டேன். அது என் தப்பு.

டிக்கெட் தளத்துக்கு மெயில் போட்டேன். 'தாங்கள் செலுத்தியது எங்கள் சேவைக்கான கட்டணம்' என்று பதில் வந்தது. சைபர் போட்ட இரண்டு சீட்டையும் படம் எடுத்து, கார்டு கொடுத்த வங்கியில் புகார் செய்திருக்கிறேன். மூன்று வாரமாகிறது, 'பரிசீலனையில் உள்ளது' என்றே காட்டுகிறது.