குறுக்கெழுத்தா, ஸ்க்ராபிளா, வேர்டிலா: இங்கிலீஷ் சொல் எதில் ஒட்டும்?

போன மாதம் ஒரு சனிக்கிழமை பின்னேரம். வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு முன்னறையில் எழுத்து வில்லைகளை அடுக்கிச் சொல் கட்டுகிற ஸ்க்ராபிள் பலகையைச் சுற்றி ஐந்து பேர். ஏ.எல். (உயர்தரம்) படிக்கிற தம்பி ஒருவன் கியூ எழுத்தை இரட்டைப் புள்ளிக் கட்டத்தில் வைத்தான். குறுக்கேயும் நெடுக்கேயும் பக்கத்தில் ஐ வரும்படி பொருத்தி ஒரே அடியில் 42 புள்ளி எடுத்துவிட்டான்.

"சரி தம்பி, அதென்ன சொல்?"

"செல்லும் மிஸ், லிஸ்டில இருக்கு."

பொருள் தெரியாது. அவனுக்கு எதிரே இருந்த தங்கச்சி ஹட்டனிலிருந்து வந்து காலி வீதியில் துணிக்கடை ஒன்றில் வேலை செய்கிறாள். ஐந்து பேரிலும் அன்றைக்கு அவளுக்குத்தான் குறைந்த புள்ளி. ஆனால் பலகையில் வைத்த ஒவ்வொரு சொல்லையும் வைத்து அவளால் ஒரு வசனம் சொல்ல முடியும்.

வேலை நாட்களில் நான் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். சனிக்கிழமைகளில் ஏழெட்டுப் பேருக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறேன். "பிள்ளைக்குச் சொல் கூடணும், என்ன விளையாட விடலாம்?" என்று கேட்காத பெற்றோர் இல்லை. எல்லா விளையாட்டும் நல்லதுதான் என்று முன்பு சொல்லிவிடுவேன். இப்போது அப்படிச் சொல்வதில்லை. அந்த விளையாட்டு எழுத்திலிருந்து சொல்லுக்குப் போகிறதா, பொருளிலிருந்து சொல்லுக்குப் போகிறதா என்று முதலில் பார்க்கிறேன். நேர்முகத் தேர்விலோ வங்கிக் கவுண்டரிலோ கதைக்கும்போது மனதில் முதலில் வருவது பொருள். அதற்கான சொல்லைத்தான் தேடித் தவிக்கிறோம். அந்தத் தேடலைப் பழக்கித் தருகிற விளையாட்டுத்தான் சொல்வளத்தைக் கூட்டும். மற்றவை வேறு ஏதாவது நன்மை செய்யும்.

ஸ்க்ராபிளின் கதையிலேயே அதன் இயல்பு தெரிகிறது. அமெரிக்காவில் பொருளாதாரம் விழுந்துகிடந்த 1930களில் வேலை இழந்த கட்டடக் கலைஞர் அல்ஃப்ரெட் பட்ஸ், பத்திரிகைப் பக்கத்தில் எந்த எழுத்து எத்தனை தடவை வருகிறது என்று உட்கார்ந்து எண்ணினார். அந்தக் கணக்கில் உருவானதுதான் இந்த விளையாட்டு. அதனால்தான் 100 வில்லைகளில் ஈ மட்டும் 12 இருக்கிறது. கியூவும் இஸட்டும் ஒவ்வொன்றுதான், ஆளுக்குப் பத்துப் புள்ளி. எழுத்தை எண்ணிப் பிறந்த விளையாட்டு எழுத்தைத்தான் கற்றுத்தரும். நைஜல் ரிச்சர்ட்ஸ் என்ற நியூசிலாந்துக்காரர் 2015 இல் பிரெஞ்சு மொழி ஸ்க்ராபிள் உலகப் பட்டத்தை வென்றார். அவருக்குப் பிரெஞ்சு பேச வராது. சொற்பட்டியலை மனதில் ஏற்றிக்கொண்டு போய் வென்றுவிட்டு வந்தார். அபார மூளை, சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு மொழியில் கதைக்கத் தெரியாமலே அந்த மொழியின் சொல் விளையாட்டில் உலகத்தை வெல்லலாம் என்றால், அந்த விளையாட்டை நம்பிப் பிள்ளையின் சொல்வளத்தை விடுவதா?

அதற்காக ஸ்க்ராபிளைத் தூக்கி அலுமாரியில் வைக்கச் சொல்லவில்லை. தமிழ்ப் பிள்ளைகளுக்கு அதில் ஒரு தனி நன்மை உண்டு. நம்முடைய ப ஒன்று, ட ஒன்று. "பெட்" என்று தமிழில் எழுதினால் அது கட்டிலாகவும் இருக்கலாம், பந்தயமாகவும் இருக்கலாம், வீட்டு நாய்க்குட்டியாகவும் இருக்கலாம். காதால் மட்டும் இங்கிலீஷ் படித்த பிள்ளை இந்த மூன்றையும் மாற்றி மாற்றி எழுதும். கையில் ஒரு பி வில்லை இருக்கிறதா, பீ வில்லை இருக்கிறதா என்று தடவிப் பார்த்து வைக்கும்போது அந்தக் குழப்பம் தீர்ந்துபோகிறது. ஸ்பெல்லிங்குக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது. சொல்வளத்துக்கும் உதவ வேண்டும் என்றால் வீட்டு விதி ஒன்று சேர்க்க வேண்டும்: வைத்த சொல்லுக்குப் பொருளும் ஒரு வசனமும் சொல்லாவிட்டால் புள்ளி கிடையாது. அந்த 42 புள்ளிக்குப் பிறகு எங்கள் வீட்டில் இதுதான் சட்டம். அடுத்த சனிக்கிழமை துணிக்கடைத் தங்கச்சிக்கும் அந்தத் தம்பிக்கும் இடையில் பதினொரு புள்ளிதான் வித்தியாசம். (அந்த இரண்டெழுத்துச் சொல் சீன மரபில் உயிராற்றலைக் குறிப்பது. அன்றிரவே அவன் தேடிப் பார்த்து எனக்கு மெசேஜ் போட்டிருந்தான்.)

வேர்டிலும் அதே வகைதான். மறைந்திருக்கும் ஐந்தெழுத்துச் சொல்லை ஆறு முயற்சிக்குள் ஊகிக்க வேண்டும். ஜோஷ் வார்டில் 2021 இல் வெளியிட்டார், 2022 ஜனவரியில் நியூயோர்க் டைம்ஸ் வாங்கியது. ஒரு விஷயத்தில் இது ஸ்க்ராபிளைவிட மேல். ஆங்கிலத்தில் உள்ள ஏறத்தாழ 12,000 ஐந்தெழுத்துச் சொற்களையும் வார்டிலின் துணைவி ஒவ்வொன்றாகப் பார்த்து, தனக்குத் தெரிந்தவற்றை மட்டும் பிரித்து எடுத்தார். விடைப் பட்டியல் அதிலிருந்துதான் வந்தது. ஆகவே விடையாக வருவது பெரும்பாலும் ஆட்கள் பாவிக்கிற சொல். ஆனால் விடை வந்ததும் கட்டங்கள் பச்சையாகும், அவ்வளவுதான். பொருளைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. 101 பஸ்ஸில் கோட்டைக்குப் போகிற நேரத்தில் ஒன்று போடலாம். போட்டதும் அகராதியில் அந்தச் சொல்லைத் திறந்து பார்க்காவிட்டால், காலையில் வந்த சொல் மத்தியானம் மறந்துபோகும்.

இனிக் குறுக்கெழுத்து. நான் எந்தப் பக்கம் என்பதை மறைக்கப்போவதில்லை.

1913 டிசம்பர் 21 அன்று நியூயோர்க் வேர்ல்ட் பத்திரிகையில் ஆர்தர் வின் என்ற லிவர்பூல்காரர் வைர வடிவத்தில் ஒரு புதிர் போட்டார். இன்றைய குறுக்கெழுத்தின் முதல் வடிவம் அதுதான். குறிப்பு பொருளைத் தரும், நீங்கள் சொல்லைத் தர வேண்டும். எங்கள் அம்மம்மா மாலையில் நொடி போடுவாரே, "பச்சைப் பெட்டிக்குள்ளே வெள்ளை முத்து" என்று, நாங்கள் "வெண்டிக்காய்!" என்று கத்துவோமே, அதே பாதைதான். நம் நிகண்டுகளும் அப்படித்தான். தேவப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர், மரப் பெயர் என்று பொருள்வாரியாகச் சொற்களை அடுக்கி, பாட்டாக்கிப் பிள்ளைகளை மனனம் செய்யவைத்தார்கள். பொருளைப் பிடித்துக்கொண்டு சொல்லுக்குப் போவது நமக்குப் புதிய பழக்கம் இல்லை.

குறுக்கெழுத்தின் இன்னொரு பலம் எனக்கு வகுப்பில்தான் விளங்கியது. குறிப்பு "தப்பி ஓடினார்கள்", நான்கு கட்டம். ஒருவன் "ஃப்ளீ" என்று எழுதினான். எஃப், எல், ஈ, ஈ. கட்டம் சரி, பொருளும் சரி. கீழ்நோக்கி வரும் சொல் அவனுடைய கடைசி ஈயில் தொடங்க வேண்டும். அதற்குக் குறிப்பு "சூரியன் எழும் நேரம்", அதுவும் நான்கு கட்டம். "டோன்" என்று அவனுக்குத் தெரியும். டோன் டி எழுத்தில் தொடங்குகிறது, ஆனால் அந்தக் கட்டத்தில் ஈ இருக்கிறது. பென்சிலைக் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு அழிரப்பரை எடுத்து ஈயை அழித்து டி போட்டான். ஃப்ளெட். குறிப்பு இறந்தகாலத்தில் இருந்தால் விடையும் இறந்தகாலத்தில் இருக்க வேண்டும், பன்மை என்றால் பன்மை என்று நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. குறுக்கே வந்த சொல்லே அவனைத் திருத்திவிட்டது. பிழையைப் பிள்ளை தானே கண்டுபிடிக்கும்படி வைக்கிற பயிற்சி வேறு எங்கே கிடைக்கும்?

குறை இல்லாமல் இல்லை. கட்டம் நிரப்ப உயிரெழுத்து நிறைந்த குட்டிச் சொற்கள் தேவைப்படுவதால், யாரும் வாயால் சொல்லாத சொற்கள் திரும்பத் திரும்ப வரும். ஊசி வைக்கிற சிறு பெட்டிக்கு ஒரு சொல், கடற்கழுகுக்கு ஒரு சொல் என்று. அவற்றைப் படித்துக் கொழும்பில் ஒரு வேலையும் ஆகாது. அமெரிக்கக் குறுக்கெழுத்தில் அந்நாட்டு நடிகர், பேஸ்போல் வீரர் பெயரெல்லாம் கேட்பார்கள், அதையும் விடலாம். பிரிட்டிஷ்காரர் கொண்டாடுகிற கிரிப்டிக் வகை நம் சிலேடைக்கு உறவுக்காரன். "லிசன்" என்ற சொல்லின் ஆறு எழுத்தையும் கலைத்துப் போட்டால் "சைலன்ட்" வரும் என்பதுபோல் எழுத்தையே பிரித்து மேய்வார்கள். மொழி கைவந்த பிறகு அதில் இறங்கினால் அருமையான பொழுதுபோக்கு. படிக்கிற காலத்தில் "குயிக்" என்று போட்டிருக்கிற எளிய வகை போதும்.

அந்த எளிய வகையிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. குறிப்பு ஒரே சொல்லாக இருக்கும். "பிக்" என்று கேட்டு ஐந்து கட்டம் கொடுத்தால் "லார்ஜ்" வரும். இரண்டும் ஒன்றுதான் என்று பிள்ளை முடிவு கட்டிவிடும். தன் அண்ணனைக் காட்டி "மை லார்ஜ் பிரதர்" என்று சொன்ன பிள்ளை என் வகுப்பிலேயே உண்டு. அதனால்தான் குறுக்கெழுத்துக்குப் பக்கத்தில் அகராதி வேண்டும் என்கிறேன். எந்த அகராதி என்பது அடுத்த போட்டி.

இங்கிலீஷ்-தமிழ் அகராதி வேகமானது. மரம், மீன், நோய், கருவி என்றால் அதில் பார்ப்பதுதான் புத்தி. வேப்பமரத்துக்கு இங்கிலீஷில் நாலு வரி விளக்கம் படித்து யாருக்கு என்ன லாபம்? ஆனால் மனநிலையைச் சொல்கிற சொற்களில் அது காலை வாரிவிடும். "என்வியஸ்" என்று தேடினாலும் பொறாமை, "ஜெலஸ்" என்று தேடினாலும் பொறாமை. மற்றவரிடம் உள்ளது எனக்கு இல்லையே என்பது முதலாவது. என்னிடம் உள்ளதை மற்றவர் பறித்துவிடுவாரோ என்பது இரண்டாவது. பேச்சில் ஜெலஸை முதலாவது பொருளிலும் சொல்வார்கள் என்பது வேறு. "ஸ்டபர்ன்", "பெர்சிஸ்டன்ட்" இரண்டுக்கும் பிடிவாதம், விடாப்பிடி என்று பக்கத்துப் பக்கத்துச் சொல்தான் கிடைக்கும். வேலை விண்ணப்பத்தில் தன்னைப் பற்றி எழுதும்போது முதல் சொல்லைப் போட்டால் குணக்கேடு, இரண்டாவதைப் போட்டால் பாராட்டு.

இங்கிலீஷ்காரருக்காக எழுதிய பெரிய அகராதிகளும் நமக்குச் சரிவராது. 1755 இல் வந்த சாமுவேல் ஜோன்சனின் அகராதியில் "நெட்வேர்க்" என்ற எளிய சொல்லுக்கு உள்ள விளக்கத்தைப் படித்தால், அந்த விளக்கத்தைப் புரிந்துகொள்ள இன்னொரு அகராதி வேண்டும். இந்தச் சிக்கலை அவிழ்த்தவர் நம் பக்கத்து நாட்டில் இருந்தவர். டாக்காவில் ஆசிரியர்களைப் பயிற்றுவித்த மைக்கல் வெஸ்ட், 1935 இல் இன்னொருவருடன் சேர்ந்து ஓர் அகராதி கொண்டுவந்தார். 24,000 பதிவுகள், அத்தனைக்கும் விளக்கம் எழுதப் பாவித்தது 1,490 சொற்கள் மட்டும். அந்த 1,490 தெரிந்த பிள்ளைக்கு அகராதி முழுவதும் திறந்துவிடும். 1978 இல் வந்த லோங்மன் அகராதி ஏறத்தாழ 2,000 சொற்களுக்குள் நின்றது. 1987 இல் வந்த கொபில்ட் இன்னும் ஒரு படி போய், விளக்கத்தையே முழு வசனமாக எழுதியது: ஓர் இடம் இப்படி இருந்தால் அங்கே ஆட்கள் நிறைய இருக்கிறார்கள் என்று, பக்கத்தில் இருந்து ஒருவர் சொல்வதுபோல. என் ஓட்டு கொபில்ட்டுக்கு. பழைய பதிப்பு என்று தயங்க வேண்டாம். மருதானையில் டி. ஆர். விஜேவர்தன மாவத்தைப் பழைய புத்தகக் கடைகளில் பொறுமையாகத் தேடினால் இந்த வகை அகராதிகள் கைக்கு வரும்.

சொல் அட்டை, அந்த அட்டைகளைப் போனில் திரும்பத் திரும்பக் காட்டுகிற அன்கி செயலி பற்றியும் கேட்கிறார்கள். படித்த சொல் மறக்காமல் இருக்க நல்லது, அண்ட்ரோயிட் போனில் இலவசமும்கூட. புதிய சொல்லோடு முதல் பழக்கம் பிடிக்க அது இடம் இல்லை.

இத்தனையிலும் மேலானது என்று நான் நினைப்பதைக் கடையில் வாங்க முடியாது. பிள்ளைகளே குறிப்பு எழுதித் தங்களுக்குள் குறுக்கெழுத்துப் போடுவதுதான் அது. மற்றவர் எழுதிய விளக்கத்தைப் படிப்பதற்கும், தானே விளக்கம் எழுதுவதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். சொல்லின் பொருள் மட்டும் தெரிந்தால் போதாது, அதன் எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். முதல் தடவை நம்மிடமிருந்து இங்கிலீஷுக்குப் போன சொற்களைக் கொடுப்பேன்: கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர். பொருள் ஏற்கெனவே கையில் இருப்பதால் குறிப்பு எழுதுவதில் மட்டும் கவனம் வைக்கலாம். பிறகு பெயரடைகள். ஒரு விதி: அகராதியைப் பார்த்து எழுதக்கூடாது, இந்தக் கிழமை உங்கள் வாழ்க்கையில் நடந்ததை வைத்து எழுத வேண்டும்.

போன சனிக்கிழமை துணிக்கடைத் தங்கச்சி எழுதிய குறிப்பு, எளிய இங்கிலீஷில், இதுதான்: இரவு எட்டு மணிக்கு வரும் அம்மாவுக்குப் பத்தாவது சாரியை விரித்துக் காட்டும்போது நான்.

42 புள்ளித் தம்பி உடனே "டயர்ட்" என்றான்.

"ஒன்பது கட்டம் தம்பி, எண்ணிப் பாருங்க," என்றாள் அவள். "களைப்பு இல்ல. காட்டத்தான் போறேன். ஆனா மனசு இல்ல."

அவன் கட்டங்களை எண்ணினான். மூன்றாவது கட்டத்தில் ஏற்கெனவே எல் இருந்தது. ரிலக்டன்ட் என்று மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக, நிரப்பத் தொடங்கினான்.