காம்பு கிள்ள வேண்டாம்: ரெட்கரண்டுக்காக வாங்கிய ஆவிப் பாத்திரம், மூன்று கோடைக்குப் பிறகு

ரெட்கரண்ட் என்னும் குட்டிச் சிவப்புப் பழத்தைப் பறிப்பது சுகமான வேலை. புதருக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தால் கொத்துக் கொத்தாகக் கையோடு வந்துவிடும், அரை மணி நேரத்தில் வாளி நிறையும். வீட்டுக்கு வந்த பிறகுதான் பாடு. ஒவ்வொரு கொத்தையும் முள்கரண்டிப் பற்களுக்கு நடுவில் விட்டு உருவி, ஒட்டிக்கொண்ட காம்புகளைப் பொறுக்கி, நசுங்கியதை ஒதுக்கி என்று ஐந்து கிலோவுக்கு ஒரு மாலைப் பொழுதே போய்விடும். அந்த அலுப்பில் இரண்டு வருடம் பழம் பறிக்கவே போகாமல் இருந்தேன். அப்புறம்தான் இங்கே ஜெர்மனியில் ஊர்க்காரர்கள் டாம்ப்என்ட்ஸாஃப்டர் என்று சொல்லும் ஆவிச் சாறுப் பாத்திரத்தை வாங்கினேன்.

(கேக்கில் போடும் உலர்ந்த கரண்ட் வேறு, அது ஒரு குட்டித் திராட்சை. நான் சொல்வது புதரில் காய்க்கும் புளிப்புப் பழம். ஜூன் 24 புனித யோவான் திருநாளை ஒட்டிப் பழுக்கத் தொடங்குவதால் ஜெர்மனியில் இதற்கு யொஹானிஸ்பேரே என்று பெயர். நாங்கள் இருக்கும் ஸ்டுட்கார்ட் பக்கத்தில் ட்ரொய்ப்லே என்பார்கள்.)

இட்லிப் பாத்திரம் தெரிந்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். அடியில் தண்ணீர்ப் பாத்திரம், உச்சியில் ஓட்டை போட்ட கூடை, மேலே மூடி. தண்ணீர்ப் பாத்திரத்துக்கும் கூடைக்கும் நடுவில் இன்னொரு பாத்திரம் இருக்கிறது, அதன் மத்தியில் கூம்பு மாதிரி ஒரு குழாய். ஆவி அந்தக் கூம்பு வழியாக மேலே ஏறிப் பழத்தை வெடிக்க வைக்கும், சாறு கூம்பைச் சுற்றி நடுப்பாத்திரத்தில் சேரும். பக்கவாட்டில் ரப்பர்க் குழாயும் ஒரு கிளிப்பும் உண்டு. கிளிப்பைத் தளர்த்தினால் கொதிக்கக் கொதிக்கச் சாறு நேராகப் பாட்டிலுக்குள் இறங்கும். பழத்தைக் கழுவி, கொத்தோடு, காம்போடு அப்படியே கூடையில் கொட்டினால் போதும்! ரெட்கரண்டுக்கு முக்கால் மணி நேரம் ஆகிறது. பிழிய வேண்டாம், துணியில் கட்டித் தொங்கவிட வேண்டாம், சாறும் கலங்காமல் மாணிக்க நிறத்தில் வருகிறது.

வாங்கினால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில்தான் வாங்குங்கள். அலுமினியத்தில் மலிவாகக் கிடைக்கிறது, ஆனால் இத்தனை புளிப்பை அதில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. என்னுடையதில் பாத்திரம் திடமாக இருக்கிறது, கூட வந்த கிளிப்தான் மோசம். முதல் தடவையே சாறு சொட்டு சொட்டாக ஒழுகி அடுப்பெல்லாம் பிசுக்கானது. தனியாக ஒரு நல்ல கிளிப் வாங்கி மாட்டிய பிறகு தொல்லை இல்லை. இன்னொன்று, அடித்தண்ணீர் வற்றவே கூடாது. நடுவில் ஒரு முறை திறந்து பார்த்துவிடுங்கள்.

முதலில் இறங்கும் சாறு கெட்டியாகவும் கடைசியில் வருவது நீர்த்தும் இருக்கும். அதனால் முடியும் தறுவாயில் அரை லிட்டர் சாற்றைப் பிடித்துப் பழத்தின் மேலேயே திரும்ப ஊற்றிவிடுகிறேன், எல்லா பாட்டிலும் ஒரே சுவையாக வந்துவிடுகிறது.

சரி, அந்தச் சாற்றை என்ன செய்வது? முதலில் ஜெல்லி. 750 மில்லி சாறுக்கு 500 கிராம் கெலியர்சுக்கர், அதாவது பெக்டின் (ஜெல்லியை உறைய வைக்கும் பொருள்) கலந்த சர்க்கரை, பாக்கெட்டில் 2:1 என்று போட்டிருப்பது. நுரை பொங்கக் கொதிக்கும்போது நான்கு நிமிடம், பிறகு குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, உறைந்தால் சுடச்சுடப் பாட்டிலில். ரெட்கரண்டில் இயற்கையாகவே பெக்டின் அதிகம், உறையாமல் போய் நான் பார்த்ததில்லை. அடுத்தது ரோட்டெ கிரூட்ஸெ. வட ஜெர்மனிப் பண்டம், சாற்றில் கொஞ்சம் சோளமாவு கரைத்துக் காய்ச்சி, அடுப்பை அணைத்த பிறகு ராஸ்பெரியும் செர்ரியும் சேர்த்து ஆறவிட்டு, மேலே குளிர்ந்த வனிலா சாஸ். வெயில் நாளில் மதியச் சாப்பாட்டுக்குப் பதிலாகவே இதைச் சாப்பிட்டிருக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் இந்தப் பாத்திரம் சரிவராது, அதையும் சொல்ல வேண்டும். இங்கே செய்யும் ட்ரொய்ப்லேஸ்கூகன் என்ற ரெட்கரண்ட் கேக்கில் முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் அடித்த நுரைக்குள் முழுப் பழம் இருக்க வேண்டும், பல்லில் வெடிக்கிற அந்தப் புளிப்புதான் கேக்கே. அதற்குக் காம்பு கிள்ளித்தான் ஆக வேண்டும். ராஸ்பெரியை ஆவியில் வைத்தால் மணம் போய்விடுகிறது, எனக்கு அது வீண். பிளாக்கரண்டை இரண்டு முறை போட்டுப் பார்த்தேன், சாறு நன்றாகவே வந்தது. ஆனாலும் வைட்டமின் சிக்குப் பெயர் போன பழத்தை, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஆரஞ்சு கிடைக்காத பிரிட்டனில் குழந்தைகளுக்குச் சிரப்பாகக் கொடுத்த பழத்தை, இவ்வளவு நேரம் வேகவைக்க மனசு கேட்கவில்லை. இப்போதெல்லாம் பச்சையாகச் சர்க்கரையோடு அரைத்து ஃப்ரீசரில் வைத்துவிடுகிறேன். கூஸ்பெரியும் பாத்திரத்துக்குப் போவதில்லை, பழுக்காத பச்சைக் காயாக வாங்கி நெல்லிக்காய் மாதிரியே வெந்தயம், பெருங்காயம் போட்டுத் தொக்குக் கிளறுகிறேன். தயிர்சாதத்துக்கு அப்படி ஒரு பொருத்தம்.

இரண்டு பேர் இருக்கும் வீட்டில், வருடத்துக்கு ஒரு கிலோ பழம் வாங்குபவர்களுக்கு இது தேவையில்லை. பெரிய பாத்திரம், வைக்க இடம் பிடிக்கும். தோட்டத்தில் புதர் வைத்திருப்பவர்கள், வாளி வாளியாகப் பறிப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். இந்த வாரம் புளிப்புச் செர்ரி சந்தைக்கு வந்துவிட்டது, கொட்டை எடுக்காமல் நாலு கிலோவைக் கூடையில் கொட்டிவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன், முதல் பாட்டில் நிறைந்திருக்கும்.