உடம்பளவு பேட்டர்னில் மூன்று வருடம், ஏழு கவுன்

எங்கள் ஊரில் டெய்லரிடம் போகும்போது அளவு ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு போவோம். சுடிதார் என்றால் அளவு சுடிதார். அதை மேஜையில் விரித்து, அப்படியே புதுத் துணியின்மேல் வைத்து வெட்டிவிடுவார்கள். என்னுடைய அளவு சுடிதாரில் வலது தோள் எப்போதும் கீழே வழுக்கும், கையைத் தூக்கினால் அக்குளில் பிடிக்கும். அதை வைத்துத் தைத்த அடுத்ததிலும் அதே வழுக்கல், அதே பிடிப்பு. டெய்லர் மேல் குற்றமில்லை. நான் கொடுத்த அளவில் இருந்ததைத்தான் அவர் தைத்தார்.

நான் ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பகுதி, தைக்கும் பிரிவில் இருக்கிறேன். தோலில் ஒருமுறை ஊசி இறங்கினால் அந்த ஓட்டை மூடவே மூடாது. பிரித்துத் தைக்கும் பேச்சுக்கே இடமில்லை. அதனால் திருத்தம் எல்லாம் பேட்டர்னிலேயே, வெட்டுவதற்காகத் தாளில் வரையும் மாதிரியிலேயே, முடிந்திருக்க வேண்டும். துணியில் மட்டும் ஏன் தைத்துவிட்டு அப்புறம் பிரித்துப் பிரித்துச் சரி செய்கிறோம் என்று எனக்கு ரொம்ப நாளாக ஒரு கேள்வி இருந்தது. 2022 ஆடி மாதம், நம் அளவுகளைக் கொடுத்தால் அதற்கென்றே பேட்டர்ன் வரைந்து அனுப்பும் ஒரு இணையதளத்தில் ஒரு கவுன் பேட்டர்ன் வாங்கினேன். முழங்காலுக்குக் கீழே வரும் காட்டன் கவுன். இடுப்பில் ஒரு தையல், முன்னும் பின்னும் டாட் (உடம்பின் வளைவுக்காகத் துணியைக் கூராக மடித்துத் தைப்பது), முழங்கை வரை கை, பின்னால் ஜிப். இன்றுவரை அதில் ஏழு தைத்துவிட்டேன்.

அளவெடுப்பதைப் பற்றித்தான் நிறைய சொல்ல வேண்டும், ஏனென்றால் பேட்டர்ன் சரியாக வருவதும் கெடுவதும் அங்கேதான். இருபதுக்கு மேல் அளவு கேட்டார்கள். மார்புச் சுற்றளவு நமக்குத் தெரியும். மார்புக்கு மேலே, அக்குளை ஒட்டிச் சுற்றும் அளவையும் கேட்டார்கள். எனக்கு மார்பு 40 இஞ்ச், மேல் மார்பு 37. இந்த 3 இஞ்ச் வித்தியாசம் ரொம்ப முக்கியம். 40 இஞ்ச் உள்ள இரண்டு பேரில் ஒருவருக்கு முதுகு அகலமாக இருக்கும், இன்னொருவருக்கு முன்பக்கம் நிறைந்திருக்கும். வெறும் 40ஐ வைத்து வெட்டினால் இருவருக்கும் ஒரே தோள் அகலம்தான் வரும், ஒருவருக்கு அது கட்டாயம் வழியும். எனக்கு இத்தனை வருடம் தோள் வழிந்ததற்குப் பாதிக் காரணம் இதுதான்.

மீதிப் பாதியை அம்மா கண்டுபிடித்தார். அளவை நாமே எடுக்கக் கூடாது, குனிந்து டேப்பைப் பார்த்தாலே முதுகு நீளம் மாறிவிடும். அம்மாதான் எடுத்தார். இடுப்பில் ஒரு நாடாவைக் கட்டிக்கொண்டு நின்றேன், இடுப்பு எங்கே என்பது ஒவ்வொரு அளவுக்கும் மாறாமல் இருக்க. பின்னால் நின்று இரண்டு தோளையும் பார்த்துவிட்டு, "இன்னாடி, உன் வலது தோளு ஒரு பக்கமா எறங்கிக்கீது" என்றார். கழுத்தடியிலிருந்து நாடாவரை இரண்டு பக்கமும் அளந்தால் ஒரே அளவு. தோள் முனையிலிருந்து அளந்தால் வலது பக்கம் அரை இஞ்ச் குறைவு. பள்ளிக்கூடப் பையிலிருந்து இன்றுவரை எல்லாவற்றையும் அந்தத் தோளில்தான் மாட்டியிருக்கிறேன். இதுதான் காரணமா, தெரியாது. ஆனால் முப்பத்தெட்டு வயதில்தான் அதை முதல்முறை கேள்விப்பட்டேன்.

ஒரு விஷயம்: இஞ்ச் டேப்பை ஒரு ஸ்டீல் ஸ்கேல் மேல் வைத்துச் சரிபாருங்கள். வருடக்கணக்கில் இழுத்து இழுத்து என் டேப் நீண்டிருந்தது. புது டேப் வாங்கி எல்லாவற்றையும் மறுபடி எடுத்தோம்.

பேட்டர்ன் பிடிஎஃப் கோப்பாக வந்தது, ஏ4 தாளில் 34 பக்கம். ஒரு ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுத்து, ஒரு ஞாயிறு காலை முழுக்கத் தரையில் உட்கார்ந்து ஒட்டி முடித்த பிறகுதான் மூலையில் இருந்த 5 செ.மீ. சோதனைக் கட்டத்தை அளந்தேன். 4.8 இருந்தது. தாளுக்குள் அடங்கட்டும் என்று கணினி தானாகச் சுருக்கியிருக்கிறது. 4.8 தானே என்று விட முடியாது. அது நூற்றுக்கு நான்கு குறைவு. மார்பில் 4 இஞ்ச் லூஸ் விட்டு 44க்கு வரைந்த பேட்டர்ன் 42¼க்கு இறங்கிவிடும், கேட்ட லூஸில் பாதிதான் மிச்சம். மறுபடி, நூறு சதவீத அளவில், முதல் பக்கத்தை மட்டும் எடுத்து அளந்து பார்த்துவிட்டு மற்றதை எடுத்தேன். இப்போது காட்பாடியில் கட்டட வரைபடம் பிரின்ட் போடும் கடையில் பெரிய தாளாகவே எடுத்துவிடுகிறேன். ஒட்டும் வேலை இல்லை, ஒட்டும்போது கோணும் பயமும் இல்லை.

அப்புறம் காடாத் துணி. நல்ல துணியில் நேராக இறங்காதீர்கள். துவைத்து இஸ்திரி போட்ட காடாவில் மேல்பகுதியை மட்டும் வெட்டி, பெரிய தையல் போட்டுக் கண்ணாடி முன் நின்றேன். பேட்டர்ன் என் அளவு என்பது போட்டவுடன் தெரிந்தது. தோள் அகலம் முதல்முறையாகத் தோளிலேயே நின்றது. ஆனால் மூன்று இடத்தில் துணி பேசியது.

வலது பக்கம் கழுத்திலிருந்து அக்குளை நோக்கிச் சாய்வாக ஒரு மடிப்பு, அம்மா சொன்ன தோள். பேட்டர்ன் பாதி உடம்புக்குத்தான் வருகிறது, துணியை மடித்து வைத்து வெட்டுவதற்கு. நம் உடம்பின் இரண்டு பக்கமும் ஒன்று என்று அது நினைத்துக்கொள்கிறது. வலது தோள் முனையை அரை இஞ்ச் இறக்கி, கை வந்து சேரும் கைக்குழியையும் அதே அரை இஞ்ச் கீழே நகர்த்தினேன். குழியை நகர்த்தாமல் தோளை மட்டும் இறக்கினால் குழி சின்னதாகிவிடும்.

முதுகில், இடுப்புத் தையலுக்குச் சற்று மேலே, படுக்கை வாட்டில் ஒரு மடிப்பு. அம்மா அதை விரலால் எடுத்துப் பின் குத்தினார். நடு முதுகில் முக்கால் இஞ்ச், பக்கத் தையலுக்கு வரும்போது ஒன்றுமில்லை. பேட்டர்னிலும் அப்படியே மடித்து ஒட்டினேன். மூன்றாவது, பக்கத்து டாட் மார்புக்கு முக்கால் இஞ்ச் மேலே போய் நின்றது. அது என் தவறு. அளவெடுத்த அன்று உடுத்தியிருந்த உள்ளாடை வேறு, காடா போட்டுப் பார்த்த அன்று வேறு. எதைப் போட்டுக்கொண்டு கவுன் உடுத்துவீர்களோ அதைப் போட்டுக்கொண்டு அளவெடுங்கள். டாட்டை இறக்கி, அதன் நுனி மார்பு முனைக்கு ஒரு இஞ்ச் முன்னாலேயே முடியும்படி வைத்தேன்.

கைக்குழி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கை தூக்கினால் பிடிக்கிறது என்றால் குழியை இன்னும் கீழே வெட்டு என்பார்கள். நானும் அதை நம்பியிருந்தேன். உண்மையில் குழி அக்குளுக்கு எவ்வளவு நெருக்கமாக இருக்கிறதோ அவ்வளவுக்குக் கை சுலபமாக ஏறும். குழி கீழே இறங்கியிருந்தால் கையைத் தூக்கும்போது பக்கத் துணி முழுக்கக் கையோடு சேர்ந்து மேலே வரும். இந்தப் பேட்டர்னில் குழி என் பழைய சுடிதாரைவிட ஒரு இஞ்ச் உயரம். முதல் நாள் நெருக்கமாக இருக்கிறதே என்று தோன்றியது. சத்துவாச்சாரியில் பஸ் ஏறி, ரத்தினகிரி, மேல்விஷாரம், ஆற்காடு, பாலாற்றுப் பாலம் என்று வழி முழுக்கக் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு போனேன். கவுன் இடுப்பைவிட்டு நகரவில்லை. அன்று எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல வார்த்தை இல்லை.

முதல் கவுனுக்கு மூன்று ஞாயிறு ஆனது. மூன்றாவதிலிருந்து ஒரு மாலை வெட்ட, இரண்டு மாலை தைக்க. திருத்திய பேட்டர்னைத் தடிமனான அட்டையில் வரைந்து, இடது வலது இரண்டையும் தனித்தனியாக வெட்டி, ஓட்டை போட்டு ஆணியில் மாட்டிவிட்டேன். ஒவ்வொன்றிலும் தேதி எழுதியிருக்கிறேன்.

ஏழில் இரண்டு சரியில்லை. ஒன்றில் பாலியஸ்டர் கலந்த லைனிங் வைத்தேன். வேலூர் வெயிலில் அதைச் சித்திரை, வைகாசியில் உடுத்த முடியாது. இப்போது மல் துணி மட்டும்தான். இன்னொன்று குடியாத்தம் கைலித் துணி, நல்ல கட்டம் போட்டது. ஆசைப்பட்டு நனைக்காமல் வெட்டினேன். இரண்டு துவைப்பில் நீளமும் இடுப்பும் சுருங்கிவிட்டன. எவ்வளவு துல்லியமான பேட்டர்னாக இருந்தாலும் சுருங்கும் துணிக்கு அது ஒன்றும் செய்ய முடியாது. அதே கைலித் துணியை ஒரு இரவு ஊறவைத்துத் தைத்த அடுத்ததுதான் இருப்பதிலேயே எனக்குப் பிடித்தது. கட்டம் போட்ட துணியில் இன்னொரு நன்மை, இழை நேராக இல்லாவிட்டால் கட்டமே காட்டிக்கொடுத்துவிடும்.

போன வருடம் இடுப்பு 34லிருந்து 36½ ஆனது. அதே தளத்தில் புது அளவு கொடுத்தால் புதுப் பேட்டர்ன் வரும், ஆனால் தோள், முதுகு, டாட் எல்லாத் திருத்தமும் மறுபடி முதலிலிருந்து. அதனால் அட்டையிலேயே பக்கத் தையலில் கொஞ்சம், டாட்டில் கொஞ்சம் என்று 2½ இஞ்சைப் பிரித்து விட்டேன், சரியாகவே உட்கார்ந்தது. தைக்கும்போது பக்கத்தில் ஒரு இஞ்ச் மார்ஜின் விட்டிருந்ததால் பழைய கவுன்களையும் பிரித்துவிட முடிந்தது.

கவுனின் கையில் மட்டும் இன்னும் எனக்கு முழுத் திருப்தி இல்லை. குழியில் பொருத்தும் கையின் மேற்பக்க வளைவு, குழியின் சுற்றளவைவிட ஒன்றேகால் இஞ்ச் அதிகமாக வரைந்து வந்தது. காட்டனில் அவ்வளவையும் சுருக்கம் தெரியாமல் உள்ளே அடக்க முடியவில்லை. அரை இஞ்சாகக் குறைத்த பிறகு இடது கை அழகாக விழுகிறது. வலது கை மட்டும் லேசாக முன்னால் திரும்புகிறது, இறங்கிய தோள்தான் காரணமாக இருக்க வேண்டும். அடுத்ததில் அந்தக் கையின் நடுப்புள்ளியைக் கால் இஞ்ச் முன்னால் தள்ளி வைத்துப் பார்க்கப் போகிறேன். காடா வாங்கி ஊறவைத்தாகிவிட்டது.